மேலும் கீழும்

கூடாரத்துக்குள் நூற்றறுபது காமிராக்கள்.
நடுவில் நான்,
தோலோடு ஒட்டிய சாம்பல் நிற உடுப்பில்.
"மூச்சு விடலாம், நெவேனா அத்தை,
கண் சிமிட்டக் கூடாது" என்றான் பொகோமில்.
ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இரவு வேலை முடித்து
ஐந்தாம் எண் டிராமில் நேராக வந்திருந்தேன்.
கையெல்லாம் பிளீச் வாடை.
அதை மட்டும் எந்தக் காமிராவும் எடுக்கவில்லை.

அழச் சொன்னார்கள், அழுதேன்.
கல்லெறியச் சொன்னார்கள்.
இல்லாத கல்லை
வீட்டுச் சொந்தக்காரரை நினைத்து எறிந்தேன்.
ஆம் என்று சொல்லுங்கள், வாயால் வேண்டாம், தலையால்.
இடமும் வலமும் ஆட்டினேன்.
சோஃபியாவில் ஆம் என்றால் அப்படித்தான்.
லண்டனிலிருந்து வந்த பெண் பதறிப்போய்
அவனைப் பார்த்தாள்.
அவன் சிரிப்பை மென்றுகொண்டே,
"உலகத்துக்காக ஆட்டுங்கள் அத்தை,
மேலும் கீழும்" என்றான்.
ஆட்டினேன்.
எங்கள் ஊரில் அது, இல்லை.

ஒப்பந்தம் பதினோரு பக்கம்.
இப்போதுள்ள, இனிமேல் கண்டுபிடிக்கப்போகிற
எல்லாச் சாதனங்களிலும்,
பிரபஞ்சம் முழுவதிலும், என்றென்றைக்கும்.
வித்தோஷா மலைக்கு அந்தப் பக்கம்
இரண்டு முறை போயிருக்கிறேன்.
நாளைக்குச் செவ்வாய்க் கிரகத்தில் தியேட்டர் கட்டினால்
அங்கேயும் கூட்டத்தில் எனக்கொரு இடம் உண்டு.
எண்பது யூரோ, ஒரு கிண்ணம் சூப்.
கையெழுத்துப் போட்டேன்.

மறு வருஷம் மார்ச்சில் படம் வந்தது.
செவ்வாய்க்கிழமை, கடைசிக் காட்சி, வெளியே சேறும் பனியும்.
இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கைகள்.
ஏதோ குறுஞ்செய்தியைப் பற்றி
சண்டை போட்டுக்கொண்டு ஒரு ஜோடி,
ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்கும் டாக்ஸிக்காரர்,
கடைசி வரிசையில்
சூரியகாந்தி விதை கொறிக்கும் ஒரு பையன்,
நான்.

முதலில் முக்காடு போட்டிருந்தேன்.
பிறகு மதில்மேல், கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையோடு.
பிறகு தாடியோடு. மூக்கை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.
பிறகு இடுப்பில் ஒரு குழந்தையோடு.
எனக்குக் குழந்தை கிடையாது.
அதை யாரிடமிருந்து
எத்தனை யூரோவுக்கு எடுத்தார்களோ.
முப்பத்தேழு வரை எண்ணினேன்,
புழுதி வந்து மூடிவிட்டது.

திரையில் நாற்பதாயிரம் பேர் நெரிகிறார்கள்.
இங்கே இரண்டு பக்கக் கைப்பிடியும் எனக்கே.

குதிரையில் அரசன் வந்தான். இசை நின்றது.
"என்னோடு சாக வருவீர்களா?"

எத்தனை என்னுடையவை என்று தெரியாத
நாற்பதாயிரம் தலைகள்
மேலும் கீழும்.
மேலும் கீழும்.
கண்ணில் நீர் மல்க, ஈட்டியை உயர்த்தி,
ஒரு படையே திரண்டு நின்று சொன்னது:
வரமாட்டோம்.

விதை தொண்டையில் சிக்கி
பையன்தான் முதலில் வெடித்தான்.
பிறகு அந்த ஜோடி. அவள் அவன் தோளில் அடித்தாள்.
டாக்ஸிக்காரர் விழித்து "என்ன, என்ன" என்றார்,
யாரோ சொன்னார்கள்,
இருட்டில் ஷூவைத் தேடிக்கொண்டே சிரித்தார்.
குதிரை கனைத்ததற்குச் சிரித்தோம்.
அரசன் செத்ததற்கும் சிரித்தோம், அது தப்புதான்.
"அது நான்" என்றேன்.
"எது?" என்றான் பையன்.
"எல்லாம்."

பொகோமிலை நேற்று டிராம் நிறுத்தத்தில் பார்த்தேன்.
அடுத்தது கண்ணாடியாம்.
வீட்டில் கட்டிலில் மாட்டிக்கொண்டு படுத்தால்
முழுத் தியேட்டரும் தெரியும்,
பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கும்,
சரியான இடத்தில் சிரிக்கும்.
உங்கள் சிரிப்பு வேண்டும் அத்தை, என்றான்.
வேறு ஒப்பந்தம், வேறு எண்பது.
"தப்பான இடத்தில் சிரிக்கலாமா?" என்று கேட்டேன்.
கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.

டிராம் வந்தது. ஏறிக்கொண்டேன்.
"சம்மதம்தானே?" என்று கீழிருந்து கத்தினான்.
அந்தத் தண்டவாளத்தில்
வண்டி குலுங்குகிற குலுங்கலில்
என் தலை எல்லாப் பக்கமும் ஆடிற்று.